ஒன் பிச்

ஆறு மணிக்குப் பந்து தெரியாது.
ஆறேகாலுக்கு மஞ்சளாக ஏதோ தெரியும்.
ஆறரைக்கு அது பந்துதான் என்று
ஐந்து பேரும் ஒப்புக்கொள்வோம்.
மஸ்தானுக்கு மட்டும் இரண்டு தெரியும்.
எதை அடிக்கட்டும் என்று கேட்பான்.
கிட்ட வர்றதை அடி, என்பார் டெரன்ஸ்.

நாலு பேர் ஆட்டம். ஒருத்தர் அம்பயர்.
அம்பயர் என்றால் மூச்சு வாங்குகிறவர்.

லோகோ ஒர்க்ஸ் பின்மதிலை ஒட்டிய இந்த மண்ணில்
நான் பேக் ஆடியவன். இடது கை.
கடைசிக் கோட்டுச் சுண்ணாம்பு குதிகாலில் ஒட்ட நிற்பேன்.
முப்பத்தெட்டில் சென்டருக்கு வந்தேன்.
ஐம்பதில் ஃப்ரண்ட்.
இன்னும் ஓரடி முன்னால் தள்ளினால்
எதிர் டீமில்தான் நிற்க வேண்டும்.

பந்து எங்கே விழும் என்று
இப்போதும் எனக்குத்தான் முதலில் தெரியும்.
டெரன்ஸின் மணிக்கட்டு திரும்பும்போதே தெரியும்.
அறிவிப்பு சரியாக வந்துவிடுகிறது.
வண்டிதான் வருவதில்லை.
முழங்கால் வியாசர்பாடி ஜீவாவில்
சிக்னலுக்காக நிற்கிறது.

பக்கிரிசாமிக்கு ஸ்டென்ட் வைத்த மாதம்
ஒன் பிச் தீர்மானம் வந்தது.
தரையில் ஒருமுறை பட்டால் பரவாயில்லை.
கம்பளிப் பந்து எகிறாது என்பது
கை தூக்கிய நாலு பேருக்கும் தெரியும்.
பட்ட இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும்,
எழுப்ப ஆள் வேண்டும்.
ஆனாலும் சட்டம் என்று ஒன்று இருந்தால்
ஒரு தைரியம்.

டெரன்ஸ் கை தூக்கவில்லை.
ஆட்டத்தைக் கொல்லாதீங்கப்பா என்று
ராக்கெட்டை உறையில் போட்டு
சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார்.
(ஏறி மிதிப்பதை அவர் விட்டு இரண்டு வருஷம்.)
மறுநாள் அஞ்சே முக்காலுக்கே வந்திருந்தார்.

ஏழு மணிக்கு வருகிற பையன்கள்
போன வாரம் வலையைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.
ஒருத்தன் டேப் எடுத்து அளந்தான்.
ஆறடி இருக்கணும் சார், இது அஞ்சரைகூட இல்ல.
கன்னியப்பன் சொன்னான்:
மழைல கயிறு தளர்ந்திருக்கும்.
அது மே மாதம்.

அவிழ்க்க நான் போனேன்.
கம்பத்தில் நாலு முடிச்சு,
ஒன்றின் கீழ் ஒன்றாக, விரல்கடை விட்டு.
ஃபிட்டருக்கு முடிச்சு கையெழுத்து மாதிரி.
இரண்டு சுற்று சுற்றி உள்ளே செருகியது பக்கிரிசாமி.
அவசரமும் எச்சிலுமாக இழுத்தது மஸ்தான்.
மூன்றாவது என்னுடையது.
முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்ட மறுநாள்,
யாரும் வருவதற்கு முன், இருட்டில்.
எல்லாவற்றுக்கும் கீழே, புதிதாக,
டிரில் மாஸ்டர் சட்டைப் பித்தான் போல அவ்வளவு சுத்தமாக ஒன்று.
அந்த முடிச்சைப் போட
இந்தக் காலனியில் ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும்.
அவர் அப்போது தண்ணீர் பாட்டிலின் மூடியை
ரொம்ப நேரமாகத் திறந்துகொண்டிருந்தார்.

பையன்கள் இழுத்துக் கட்டினார்கள்.
வலை விறைத்து நின்றது.

மறுநாள் ஆறேகால்.
ஆறடி.
யாரும் ஒன்றும் பேசவில்லை.
டெரன்ஸ் சர்வீஸ் போட்டார்.
பந்து வலையில் பட்டு
அவர் பக்கமே விழுந்து உட்கார்ந்தது.

அம்பயர் நாற்காலியிலிருந்து கன்னியப்பன்
கையால் நெற்றியில் நிழல் கட்டி
கிழக்கே பார்த்தான்.
வெளிச்சம் பத்தல, என்றான்.
மறுபடி போடுங்க.