புள்ளிக்கோட்டு நீலம்

இங்கே மழை பெய்யவில்லை.
அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.
மரீயில் வானம் நாற்பது நாளாகத்
துடைத்து வைத்த தட்டு.
பெய்தது குயின்ஸ்லாந்தில்,
ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்,
யாருடைய மாடுகளையோ அடித்துக்கொண்டு போன மழை.
அது நடந்து வந்தது.
மனிதன் நடக்கும் வேகம்கூட இல்லை.
ஓடைக்கு ஓடை நின்று,
ஒவ்வொரு பள்ளத்துக்கும் பங்கு கொடுத்து,
மிச்சத்தோடு வந்தது.

எனக்குப் பெட்ரோல் பங்கில் வேலை.
டீசல், ரொட்டி, போன வாரப் பத்திரிகை,
டயருக்குக் காற்று.
சுவரில் ஒட்டிய வரைபடத்தில்
பண்ணைக்குக் கிழக்கே ஒரு நீலம்,
அதன் கரை மட்டும் புள்ளிபுள்ளியாக.
வந்த புதிதில் ரோலண்டிடம் கேட்டேன்,
அச்சுப் பிழையா?
இல்லை, என்றார், சில சமயம் உண்டு.
கடைசியாக எப்போது?
விரல்விட்டு எண்ணத் தொடங்கிப்
பாதியில் விட்டுவிட்டார்.

நான் பார்த்த நான்கு ஆண்டும்
அது உப்புத்தான்.
அப்பளம் போல் பொரிந்து,
மிதித்தால் நொறுங்கி,
அடியில் பாதத்தைப் பிடித்துக்கொள்ளும் கருஞ்சேறு.
உப்பளம் என்று சொல்லலாமென்றால்
பாத்தி இல்லை, அள்ள ஆளில்லை,
விலை கேட்பவரும் இல்லை.
பாலை என்று சொல்லிப் பார்த்தேன்.
அந்தச் சொல்லுக்குள்
பிரிந்து போகிறவன் ஒருவன் வேண்டும்.
இங்கே பிரிவதற்குக்கூட யாரும் இல்லை.

ரோலண்ட் க்ரௌத்தரின் கொட்டகையில்
பதினோரு வருடமாக ஒரு படகு.
தார்ப்பாயின் கீழே, டிரெய்லரில்.
கோழிகள் அதில் முட்டையிடும்.
ஆண்டுக்கொரு முறை வண்ணம் பூசுவார்.
ஊர் சிரித்துச் சிரித்து ஓய்ந்துவிட்டது.

மார்ச்சில் எனக்கொரு தொலைபேசி வந்தது.
அக்கா, அதிகாலை, தூக்கத்தில், என்றார்கள்.
சரி என்று வைத்துவிட்டு
வெளியே ஹாரன் அடித்த லாரிக்கு
இருநூற்றுப் பத்து லிட்டர் போட்டேன்.
சில்லறை சரியாகக் கொடுத்தேன்.
அன்று அவ்வளவுதான்.

மே மாதம் கூழைக்கடாக்கள் வந்தன.
கடல் நானூறு கிலோமீட்டர் தெற்கே,
இவற்றுக்கு யார் சொன்னார்கள்?
திணை மயங்குவது என்று பள்ளியில் படித்து
மதிப்பெண் வாங்கிய விஷயம்
தலைக்கு மேலே சிறகடித்துப் போனது.
மறுநாள் ரோலண்ட் கோழிகளை விரட்டினார்.

பண்ணைக்காரர் வேலியைத் திறந்துவிட
நான்கு பேர் படகை இறக்கினோம்.
தண்ணீர் கணுக்கால்.
தள்ளினோம். கணுக்கால்.
அரை மணி நேரம் தள்ளினோம்.
பின்னால் கரை ஒரு கோடாகி,
முன்னால் வானையும் நீரையும் தைத்த இடம் தெரியாமல்,
அப்போதும் கணுக்கால்தான்.
ஓரிடத்தில் முழங்காலுக்கு ஒரு விரல் கீழே.
இது போதும், என்று ஏறி உட்கார்ந்தார்.
படகு மெல்ல இறங்கிச்
சேற்றில் அமர்ந்தது, அடைகாக்கிற மாதிரி.
அவர் தொப்பியைச் சரிசெய்தார்.
பாயை விரித்தார். காற்று வந்தது.
பாய் புடைத்தது. படகு நகரவில்லை.
எழுபத்திரண்டு வயது முகத்தில்
ஒரு மாலுமி நேராக உட்கார்ந்திருந்தான்.

எல்லோரும் சிரித்தோம்.
அவர்கள் நிறுத்திய பிறகும் எனக்கு நிற்கவில்லை.
வயிற்றைப் பிடித்துக் குனிந்தேன்.
நீருக்குள் இமைமயிர் அளவு உயிர்கள்,
உப்பில் முட்டையாய்க் கிடந்து
எத்தனை வருடமோ கழித்து
இன்று நீந்தும் இறால்கள்,
அவற்றின் மேல் என் முகம்
கலங்கி, கூடி, கலங்கி.
எந்த இடத்தில் அது சிரிப்பாக இல்லாமல் போனது
என்று யாரும் கேட்கவில்லை.
டோரதி மட்டும் என் கையிலிருந்த கயிற்றை
மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

இப்போது செப்டம்பர்.
கரை தினமும் உள்ளே போகிறது.
செத்த மீன் நாற்றம் பங்க் வரை வருகிறது.
படகு அங்கேயேதான்.
எடுக்கமாட்டேன் என்கிறார்,
அடுத்த தண்ணீருக்கு
முன்கூட்டியே போய் நிற்கிறதாம்.

ஏரி எங்கே என்று கேட்டு வருகிறவர்களுக்கு
வரைபடத்தைக் காட்டுகிறேன்.
என் பூட்ஸ் வாசலில் வெள்ளை பூத்துக் கிடக்கிறது,
கழுவ வேண்டும்.
அக்காவுக்குத் தண்ணீர் என்றால் பயம்.
இதில் இறங்கியிருப்பாள்.