பதினேழாம் நிரல்

லண்டன். ஒன்டாரியோவில் இருக்கிற லண்டன்.
பிப்ரவரி. வெளியே உப்புத் தூவிய பார்க்கிங்.
மேசையில் அறுபத்திரண்டு விளிம்பு ஓடுகள்,
பதம் பார்க்க ஒவ்வொன்றும் ஒரு சோறு;
பானைதான் இல்லை.

கழுத்தில் பட்டை உண்டா: ஒன்று.
விளிம்பு கூராய் எழும்புகிறதா: பூஜ்யம்.
கீறல் வலப்பக்கம் சாய்கிறதா, இடப்பக்கமா,
அது பதினேழாம் நிரல்.

வண்டுகளுக்காக எழுதிய மென்பொருள்.
பானை குட்டி போடாது என்று
அதற்கு யாரும் சொல்லவில்லை.
இரவெல்லாம் ஓடி, விடிந்தபோது
ஒரு மரம் நட்டுவைத்திருந்தது.
நடுவில் பெரிய கவட்டை:
இந்தப் பக்கம் ஒரு குலம்,
அந்தப் பக்கம் எட்டே ஓடுகள், இன்னொரு குலம்.

அந்தக் கவட்டைக்குள்
நான் ஒரு போரை எழுதிவிட்டேன்,
ஓர் இடப்பெயர்வை,
மாநாட்டுக்கு ஒரு தலைப்பையும்.

மத்தியானம் டோரீன் வந்தாள்.
காபிக் கோப்பையின் காகித விளிம்பை
நகத்தால் சும்மா கீறிக்கொண்டே
நேற்றைய ஹாக்கி ஆட்டத்தைத் திட்டினாள்.
கீறல் எல்லாம் தப்புப் பக்கம் சாய்ந்தது,
ஓடு நாற்பத்தொன்றைப் போல,
அதன் கிளையில் உட்கார்ந்திருக்கும் மற்ற ஏழையும் போல.

இடது கை.

எட்டுப் பானை. ஒருவேளை ஒரே ஒருத்தி.

பதினேழாம் நிரலை அழித்து மறுபடி ஓட்டினேன்.
மரம் விளக்குமாறாய்ச் சரிந்தது,
ஒரே பிடி, அறுபத்திரண்டு ஈர்க்கு.

எங்கள் மொழியில் கிளை என்றால் சொந்தமும்தான்
என்று டோரீனிடம் சொல்லப் பார்த்தேன்.
ஆங்கிலத்தில் அது ஒரு மரத்தோடு நின்றுவிட்டது.

கோப்பையைக் குப்பையில் போடப் போனாள்.
கொடு என்று வாங்கி
அடியில் எண் எழுதினேன்:
அறுபத்து மூன்று.