பிசிறு

கப்பலூர் தொழிற்பேட்டை, மூன்றாவது குறுக்குத் தெரு.
எழுபத்திரண்டு ஷெட்டில் முப்பத்தொன்று திறந்திருக்கிறது
என்று எழுதியிருக்கிறேன்.
திறந்திருப்பது வேறு, ஓடுவது வேறு.
படிவத்தில் இரண்டுக்கும் ஒரே கட்டம்.

பொதுமுடக்கம் முடிந்த நாளிலிருந்து
மாவட்டத் தொழில் மையத்தில் எனக்கு வேலை
மீட்சியை எண்ணுவது.
சுற்றறிக்கையில் அந்தச் சொல்லைத்தான் போடுகிறார்கள், மீட்சி.
வெள்ளத்தில் போகிறவனைத்
தலைமுடி பிடித்து இழுப்பது போல நல்ல சொல்.
பிடிக்க முடி இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

அமலி ரப்பர்ஸ். உரிமையாளர் ஜெசிந்தா.
பிரஸ் நான்கு, சூடாக இருப்பது ஒன்று.
அச்சுகளில் ஏப்ரல் மாதத்துத் துரு.
முதலில் காட்டியது மின்சார பில்லை.
ஒரு யூனிட்கூட ஓடாத மாதங்களிலும்
கேட்புக் கட்டணம் என்று ஒரு வரி.
"நான் எதையும் கேட்கவே இல்லையே சார்."
சிரித்தோம்.
முகக்கவசத்துக்குள் சிரித்தால்
கண் மட்டும் களைத்துப்போகிறது.

பிணையில்லாக் கடன் பற்றிச் சொன்னேன்.
பிப்ரவரி இருபத்தொன்பதில் வங்கி நிலுவை எவ்வளவோ
அதில் இருபது சதவீதம்.
அங்கேதான் இடித்தது.
ஜனவரியில் வளையலை விற்றுக்
கடைசித் தவணைவரை கட்டி முடித்திருந்தார்;
மேனேஜர் எழுந்து நின்று கைகொடுத்தாராம்.
கடனில்லாதவருக்குக் கடனில் இருபது சதவீதம்.
கால்குலேட்டரில் இரண்டு முறை தட்டினேன்.
இரண்டு முறையும் பூஜ்யம்தான்.

பத்தி ஒன்பது: பணியாளர் எண்ணிக்கை.
"பதினொன்று இருந்தது. இப்போ நாலு."
ஏழு பேர் கோராபுட் போனார்கள்,
பாதி நடந்து, பாதி லாரியில்.
பினோத் மட்டும் இன்னும் போன் போடுகிறான்,
சம்பளம் கேட்டு இல்லை,
பிரஸ்ஸில் சூடு எவ்வளவு வைக்கிறீர்கள் என்று.
நூற்றைம்பது என்கிறார் இவர்.
நூற்றைம்பத்தைந்து வையுங்கக்கா என்கிறான்
ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்
முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு.

மூலையில் சாக்குகள்.
பஸ்ஸுக்குப் போகும் புஷ்,
அச்சைவிட்டு வரும்போது ஓரமெல்லாம்
காகிதம்போல ரப்பர் நீட்டிக்கொண்டிருக்கும்.
பிசிறு.
கிலோவுக்கு ஆறு ரூபாய் வாங்கி
அதை வீட்டில் வைத்து வெட்டித் தருகிறவர்கள்
உச்சப்பட்டியில், தர்மத்துப்பட்டியில், மறவன்குளத்தில்.
முப்பத்தெட்டுப் பேர்.
சம்பளப் பட்டியலில் கிடையாது, பி.எஃப். கிடையாது.
வந்து கேட்பதும் கிடையாது.
ரேஷனுக்குப் போகிற வழியில்
ஷெட்டுக்குள் சத்தம் கேட்கிறதா என்று
காதைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

"இவங்களை எந்தப் பத்தியில் போடுவீங்க?"

பேனாவை மூடினேன். திறந்தேன்.
'இதர விவரங்கள்' என்று கடைசியில்
ஒன்றரை வரி இடம் உண்டு.
ஆபீஸில் இதைக் கணினியில் ஏற்றுகிற பையன்
அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவான்.
திரையில் அதற்கு இடமே இல்லை.
எனக்குத் தெரியும்,
ஆறு வருடம் அந்தப் பையன் நான்தான்.

எண்ணிக்கையாக எழுதியிருக்கலாம். பேராக எழுதினேன்.
ஒச்சம்மாள். பஞ்சு. சுந்தரவள்ளி.
பெரிய கருப்பாயி, சின்னக் கருப்பாயி.
அவர் சொல்லச் சொல்ல வரி தீர்ந்து
ஓரத்தில் சாய்த்து எழுதி
முத்திரை வைக்கிற இடத்துக்குள்ளும் போய்விட்டது.

ஜெசிந்தா எட்டிப் பார்த்தார்.
"இப்படி நீட்டிக்கிட்டிருந்தா
கம்பெனியில் திருப்பி அனுப்பிடுவாங்க சார்."

பிரஸ் திறந்தது. காரமான புகை.
தட்டில் எட்டு புஷ்.
ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்தினார்,
வேகவில்லை.
என்னை மறந்து,
திருகை ஐந்து டிகிரி ஏற்றினார்.