காணவில்லை

பார்னபி கையை விரித்தால் கல் இறங்கும்.
முஷ்டி பிடித்தால் நிற்கும்.
அவனுடைய ஆரஞ்சுச் சட்டை என் கண்ணில் இருக்கும்வரைதான்
இந்த இயந்திரத்துக்கு உயிர்.
எழுதியும் ஒட்டியிருக்கிறார்கள்,
தேநீர்க் கொட்டகைச் சுவரில், மூன்று மொழியில்,
போலந்துக்காரர்களுக்கும் லாத்வியாக்காரர்களுக்கும் சேர்த்து.

யார்க்‌ஷயரின் கிழக்குக் கரை. ஏப்ரல்.
நார்வே மலையொன்றை உடைத்து மிதவையில் கொண்டுவந்து
வட கடலின் வாயில் திணிக்கிறோம்.
களிமண் மேட்டைத் தின்று பழகிய வாய்.
வற்றம் நான்கு மணி நேரம்.
அதற்குள் முப்பது கல்.

பதினெட்டாவது, ஆறு டன், இரும்புப் பிடியில் தொங்கியபோது
மூடுபனி.
வந்தது என்று சொல்ல மாட்டேன்.
கடல் இருந்த இடத்தில் கடல் இல்லை,
பிறகு வேலி இல்லை,
பிறகு பார்னபி இல்லை.

வாக்கி டாக்கியில் வெறும் இரைச்சல்.
விரல் அரித்தது:
இன்னும் ஒரு பாகம்தான்,
இடம் மனப்பாடம்,
கண்ணைக் கட்டிவிட்டாலும் வைப்பேன்.
கட்டிவிட்டாற்போலத்தான் இருந்தது.

கல்லுக்கு நேர் கீழே மட்டும் மணல் தெரிந்தது,
ஆளில்லாத மணல்.
திருப்பாமல், நீட்டாமல், அங்கேயே இறக்கினேன்.
என்ஜினை அணைத்தேன்.
இரண்டு முறை ஹாரன்.
அப்புறம் அலைச் சத்தம், கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே.

நாற்பது நிமிடம் கழித்து
வெள்ளைக்குள்ளிருந்து ஒரு நாய் வந்தது.
நனைந்த கறுப்பு நாய்.
என் இயந்திரத்தின் பின்புறம்,
திரும்பினால் நசுக்கிவிடும் அந்த வட்டத்துக்குள்,
சாவகாசமாகக் காலைத் தூக்கியது.
கழுத்துப்பட்டையோடு பின்னால் ஒரு பெண்மணி,
"வேலி நேற்றுப் போட்டது, நான் இங்கே நடப்பது எப்போதிலிருந்து தெரியுமா?"
அவள் முழங்கையை விடாமல் பிடித்தபடி,
தொண்டை கட்டிப்போன பார்னபி.

தாமதத்துக்குக் காரணம் என்ன என்று படிவம் கேட்டது.
காற்று, அலை, டீசல், பழுது.
எந்தக் கட்டத்திலும் டிக் போட முடியவில்லை.
ஓரத்தில் எழுதினேன்:
பார்னபியைக் காணவில்லை.

இரவு பதினொன்றுக்கு அலுவலகத்தில் யாரோ படித்திருக்கிறார்கள்.
மீட்புப் படகைக்கூட எழுப்பிவிட்டார்களாம்.
அவன் மனைவி லோர்னா ஃபோனை எடுத்து
பேசவில்லை,
குறட்டைக்குப் பக்கத்தில் பிடித்தாளாம்.

அந்தப் பதினெட்டாவது கல்
வரைபடக் கோட்டுக்கு ஒரு மீட்டர் வெளியே கிடக்கிறது.
நகர்த்தச் சொல்லி இரண்டு கடிதம் வந்துவிட்டது.
நகர்த்தலாம்.
வானம் வெளுக்கட்டும்.
பார்னபி கையை விரிக்கட்டும்.