பதினோரு வாக்கியம்

நீடாமங்கலம் கேட் மூடியிருக்கும்போது
பைக்கை அணைத்துவிட்டு மனப்பாடம் செய்வேன்.
சரக்கு வண்டிக்கு ஐம்பத்தெட்டுப் பெட்டி.
பெட்டிக்கு ஒரு தடவை:
ஸாரி, ஐ டிட்ன்ட் கேட்ச் தட்.

பிடிக்கலைன்னு அர்த்தம் இல்ல,
பிடிபடலைன்னு அர்த்தம் என்றார் பானு மிஸ்.
உரக்கடை மாடியில் ஏழு பேருக்கு வகுப்பு.
மிஸ்ஸுக்கு இருபத்துமூன்று, எனக்கு நாற்பத்தெட்டு.
அயர்லாந்து போகப்போகிற நர்ஸ் ஜெனிட்டா,
சிங்கப்பூர் முதலாளி கூப்பிட்டால்
போனைத் தம்பியிடம் கொடுத்துவிடும்
கூத்தாநல்லூர் நத்தர்ஷா,
பேர் சொல்லாத ஒரு வங்கிக்காரர்.
நான் மூணாறு தலைப்பில் லஸ்கர்.
ஷட்டர் ஏற்றுவது, இறக்குவது, அளவு எழுதுவது.
உங்களுக்கு எதுக்கு இங்கிலீஷ் என்றார்கள்.
ஆத்தைப் பாக்க ஜப்பான்காரர் வர்றார்,
ஏ.இ. லீவுல போறார் என்றேன்.

மிஸ் இலக்கணம் எடுக்கவில்லை.
பேசத் தெரியாதபோதும்
பேச்சு அறுந்துபோகாமல் இருக்க
பதினோரு வாக்கியம் கொடுத்தார்.
கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.
ஒரு நிமிஷம், யோசித்துக்கொள்கிறேன்.
அதற்கு என்ன பேர், அதுதான், கையால் சுற்றுவோமே.
நீங்கள் சொல்ல வருவது இதுதானா.
மன்னிக்கணும், குறுக்கே பேசுகிறேன்.
குறுக்கே பேச எங்கள் பக்கம்
யாரும் அனுமதி கேட்டதே இல்லை.
அந்த ஒன்றுக்கு நெடுநேரம் சிரித்தோம்.

ஆவணியில் வந்தார்.
பேரை மூன்று தடவை கேட்டேன்,
மூன்று தடவையும் வேறு வேறாகக் காதில் விழுந்தது.
முதல் கேள்வியிலேயே மூழ்கிவிட்டேன்.
ஐம்பத்தெட்டுப் பெட்டி வாக்கியத்தை எடுத்துப் போட்டேன்.
தலை குனிந்து, மெதுவாகச் சொன்னார்.
அப்போதும் புரியவில்லை,
ஆனால் மெதுவாகப் புரியவில்லை.

பிறகு அவருக்கும் ஒரு சொல் வரவில்லை.
விரலைக் காற்றில் சுற்றினார், வானத்தைப் பார்த்தார்,
தி திங், தி திங் என்றார்.
என் வாக்கியம் அவர் வாயில்!
ஷட்டரைத் தொட்டு,
உங்கள் மொழியில் இதற்கு என்ன பேர் என்றார்.
ஷட்டர் என்றேன்.
உங்கள் வேலைக்கு?
லஸ்கர்.
நோட்டில் இரண்டையும் தமிழ் என்று எழுதிக்கொண்டார்.
ஜீப் போய்ப் புழுதி அடங்கிய பிறகு
மதகு ஞாபகம் வந்தது.

அன்று ராத்திரி பத்தேகாலுக்குப் போன்.
கடைமடை. முத்துப்பேட்டைக்கு மேற்கே,
குத்தகைக்கு எடுத்த ஒன்றரை ஏக்கர்,
குமுதவல்லி என்று பேர்.
எடுத்ததும் கத்தல்.
ஆபீஸ்ல கேளுங்க என்று வைத்துவிடுவதுதான் வழக்கம்.
வாய் தானாகச் சொன்னது:
ஒரு நிமிஷம்மா, நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு சொல்லுங்க.
முறை வந்து மூணு நாளாச்சு.
ஆத்துல ஓடுது, உங்க வாய்க்கால்ல ஏறல.
நாத்தங்கால் வெடிச்சிடுச்சு.
இதானே?

பேச்சில்லை.
கட்டாகிவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.
விநாடி ஓடிக்கொண்டிருந்தது.
மூணு இல்ல, நாலு நாள் என்றாள்.
குரல் ஒரு சாண் இறங்கியிருந்தது.

மேலே கேட்காமல்
அரை அடி ஏற்றக்கூட எனக்கு அதிகாரம் இல்லை.
அதையும் சொன்னேன்.
சரி என்றாள். திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

மிஸ்ஸிடம் ஒன்று கேட்க வேண்டும்.
நீங்கள் சொன்னது முழுக்கப் பிடிபட்டது,
கையில்தான் ஒன்றும் இல்லை
என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வார்கள்?
பதினொன்றில் அது இல்லை.

கேட் தூக்கிவிட்டார்கள்.
பின்னால் ஹாரன்.