நானூறு கிராம் மண்

பை எண் அறுபத்தேழு.
இடம்: கழிவணைக்குத் தெற்கே, ஓடையிலிருந்து பன்னிரண்டு அடி.
ஆழம்: ஒரு சாண். எடை: நானூறு கிராம்.
எடுத்தவன்: சிஷாலா, ஆய்வுக்கூட உதவியாளன், கிட்வே.
சீட்டில் இடம் போதாமல் விட்டது:
அது பானா கபாசோவின் பூசணிப் பாத்தி.

பின்லாந்திலிருந்து வந்த ரைலி
மண்டியிட்டு ஓர் ஊதாப் பூவைக் காட்டினாள்.
வேறெதுவும் வேர்பிடிக்காத இடத்தில்
இது மட்டும் செம்பைத் தின்று செழிக்குமாம்.
நிறைய விதைக்கலாம், அறுத்து எரிக்கலாம்,
மண் மெல்லத் தேறும் என்றாள்.
சிலேக்காரன் எலீசியோவின் ஊரில் பூவே இல்லையாம்.
ஒரே தண்ணீரை ஏழுமுறை
சுரங்கத்துக்குள் அனுப்பி வாங்குகிறார்களாம்.
எல்லாவற்றையும் பெம்பாவில் சொன்னேன்.
பானா கபாசோ கேட்டாள்:
பூசணி நடலாமா, கூடாதா?

மூன்று பல்கலைக்கழகங்களின் முத்திரையோடு
அதற்குப் பதில் நான்காம் அத்தியாயத்தில் வரும்.
பதினெட்டு மாதம் ஆகும்.
இதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

அளக்கும் கருவி வடக்கே இருக்கிறது.
எங்களிடமும் ஒன்று உண்டு, விளக்கு எரிந்துபோய் இரண்டு வருடம்.
ஆகவே மண் விமானம் ஏறப் போயிற்று.
நிறுத்தினார்கள்.
பூச்சி இருக்கலாம், பூஞ்சை இருக்கலாம்,
அனுமதித் தாள் எங்கே?

திரும்பும் வழியில்
எல்லை நோக்கிப் போன லாரிகளைச் சும்மா எண்ணினேன்.
செம்புத் தகடு. செம்புத் தகடு. செம்புத் தகடு.
நாற்பத்தொன்றோடு விட்டுவிட்டேன்.
ஒன்றையாவது மறித்து, பூச்சி உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

எத்தனை கம்பெனி வந்தது, விழுந்தது,
பெயர் மாற்றிக்கொண்டு எழுந்தது.
ஒருவர் மீசையிலும் மண் ஒட்டவில்லை.
மண் எங்களிடம் இருக்கிறது.
செம்பு நிறையத் தண்ணீர் மொண்ட ஓடையில்
இப்போது தண்ணீர் நிறையச் செம்பு.

ரைலி இரவெல்லாம் யாருக்கோ கடிதம் எழுதினாள்.
நல்ல கோபம், பின்லாந்து மொழியில்;
ஒரு சொல்லும் புரியவில்லை, எனக்குப் பிடித்திருந்தது.
அடுத்த மாதம்
கம்பளிக் காலுறைக்குள் சுற்றி வந்தது விளக்கு.
எலீசியோ மூன்று ராத்திரி
பழைய பம்பைக் கழற்றி மாட்டினான்,
நான்காவது ராத்திரி கெட்ட வார்த்தை சொல்லி உதைத்தான்,
ஓடியது.

அறுபத்தேழுக்கு எண் வந்த மாலையே
சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.
நடக்கூடாது, என்றேன்.
கொடி ஏற்கெனவே வேலியைத் தாண்டியிருந்தது. மூன்று பிஞ்சு.
அவள் பிஞ்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"எவ்வளவு தள்ளி நடலாம்?"
தெரியவில்லை. மேட்டுப் பக்கம் நாங்கள் தோண்டவே இல்லை.

மறுநாள் ஆய்வுக்கூடத்தைத் திறக்கும்போது
வாசலில் பதினோரு பெண்கள்.
சோளமாவுப் பையில், பால்மாவு டின்னில்,
ஒருத்தி பள்ளிக்கூட டிபன் டப்பாவில்,
மண்.
சீட்டு தீர்ந்துவிட்டது.
மாவுப் பையின் மேலேயே
பெயரை எழுதினேன், முதலில்.