ஆகஸ்ட் லீவு

மனைவி கொழுந்துக்குப் போய்விடுகிறாள்.
யதுஷனை யாரிடம் விட?
என் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொள்கிறேன்,
டிரைவருக்குப் பின் சீட், ஜன்னல் பக்கம்.
"போர்டு வந்தா சத்தமா வாசி."

ஹட்டனில் வண்டி எடுக்கும்போதே தகராறு.
ஹ இன்னும் படிப்பிக்கவில்லையாம்.
தன் பெயரிலுள்ள ஷ மட்டும் தெரியும்.
"ட்டன்" என்றான்,
போதும் என்று விட்டுவிட்டேன்.

டிக்கோயா பாதி வாயிலிருக்கும்போதே
பின்னால் போய்விட்டது.
நோர்வூட் பாலத்தில்
"நோ"வோடு சரி.

விமலதாசவுக்குத் தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது.
மூன்றாம் நாளிலிருந்து
போர்டைக் கண்டால் பிரேக்கில் கால் வைக்கிறார்.
மஸ்கெலியாவில் டைம்கீப்பர் கத்தினால்
"புள்ள வாசிக்குது" என்கிறார்,
ரோட்டில் மண் சரிந்துவிட்ட மாதிரி.

நேற்று, போர்டே இல்லாத வளைவில்
பனி வந்து ஜன்னலை மூடிவிட்டது.
பார்க்க ஒன்றுமில்லாமல்
தலைக்கு மேலே பார்த்தான்.
ம... த... கு... ரு...
சில்லறை எண்ணுவதை நிறுத்தினேன்.
மா... ர்... க... லு... க்கு.
"ளு"டா, என்று வாயெடுத்து
நானும் நிமிர்ந்து பார்த்தால்,
பெயின்ட் அடித்தவன் லு-தான் போட்டிருக்கிறான்.
எட்டு வருஷமாக
இந்தச் சீட்டில் சாய்ந்துதான் டிக்கெட் கிழிக்கிறேன்.

இன்னொரு தடவை,
எழுத்துகளைச் சேர்த்து, தனக்குள் வாசித்தான்.
பிறகு தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு
எழும்பி நின்றான்.

பஸ்ஸில் சாமியாரும் இல்லை, ஹாமுதுருவும் இல்லை.
"உக்காருடா."
மாட்டேன் என்று தலையாட்டினான்.
மஸ்கெலியா வரைக்கும்
காலி சீட்டின் கம்பியைப் பிடித்தபடி
வளைவுக்கு வளைவு சாய்ந்துகொண்டே வந்தான்,
அடுத்து எதை வாசிக்கலாமென்று
என் டிக்கெட் கட்டைப் பார்த்தபடி.